வணக்கத்துக்கு இடமில்லை

“அண்ணே, பைய மேல போடுங்க. பைக்கும் டிக்கெட்டு எடுத்துக்கீறீங்களா இன்னா?” என்று சொல்லிக்கொண்டே வாணி உட்கார்ந்துவிடுகிறாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் அங்கே இடம் இருந்ததே தெரிகிறது. மாரிகுப்பத்திலேயே நிரம்பி வரும் பெங்களூர் வண்டி அது. மூன்று பேர் பலகையில் நாலு பேர் உட்காருவது தங்கவயல்காரர்களின் வழக்கம். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் வாணி ஐந்தாவது. யாரையும் எழுப்ப மாட்டாள். டிபன் பை, லேப்டாப் பை, மடித்து வைத்த ஸ்வெட்டர், யாரோ அகட்டி வைத்திருக்கும் முழங்கால் ஆகியவற்றை மட்டும் ஒழுங்கு செய்வாள்.

“சுரங்கத்துல எறக்குற கேஜ்ல கூட எங்க தாத்தாவ இப்பிடி அடைச்சதில்லம்மா” என்பார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் மனோகர்.

“தாத்தா பத்திரமா எறங்கினாரில்ல? நீங்களும் எறங்குவீங்க. தள்ளுங்க.”

தங்கவயல் பாலகாட்டில் வீடு, பெங்களூரில் வேலை. அவளுடைய கம்பெனி போர்வெல் மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்கிறது. விவசாயி செல்போனில் செய்தி அனுப்பினால் பெட்டி மோட்டாரைப் போடும். உடனே அவரைக் கூப்பிட்டுப் போட்டாயிற்று என்றும் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு மென்பொருள் எழுதுவது வாணி. அந்தச் சிப்பின் மொத்த இடத்தில், உறவினர்கள் தினமும் அனுப்பும் ரோஜாப்பூ போட்ட ‘காலை வணக்கம்’ படம் ஒன்றுகூட அடங்காது. அதற்குள் மோட்டார், கரண்ட், சிம் கார்டு, மூன்று மொழி எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். தமிழுக்குக் குரல் வாணியுடையதே. வெளியாள் வைக்க அவளுடைய மேனேஜர் ஸ்ரீராம் ஒப்பவில்லை. “வணக்கம்ங்க. மோட்டார் போட்டாச்சுங்க.” வீட்டில் அவள் இத்தனை ‘ங்க’ போட்டு யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதை எங்கே எழுதினாலும், அதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று சிப் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் சில வரிகள். அந்த வரிகளும் இடத்தைத் தின்னும். “பாக்காம உக்காந்தா பக்கத்து ஆளு மடியிலதான் உக்காருவ” என்பது அவள் தரும் விளக்கம்.

சென்ற மாதம் டீலர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். நாளில் சில மணி நேரமே கிடைக்கும் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் பெட்டியே விவசாயியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வாணி எழுதினாள். சிப்பில் அடங்கவில்லை.

“இடம் பாக்குற இந்த செக் எல்லாம் எடுத்துடுங்க வாணி. கரெக்டா ஃபிட் ஆகும்” என்றார் ஸ்ரீராம். மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

எடுத்துப் பார்த்தாள். அடங்கியது. அதுதான் சங்கடம்.

அதை ஏற்றிய பெட்டி ஒன்றை, மூலையில் தண்ணீர் டிரம்மோடு இருந்த சோதனை மோட்டாரில் மாட்டினாள். பிறகு பார்வதம்மா எப்போதோ அனுப்பிய செய்தி ஒன்றை எடுத்து அதற்கு அனுப்பினாள்.

பார்வதம்மா பேத்தமங்களாவில் தக்காளி போடுகிறவர். முதல் பெட்டியை வாணியே போய் மாட்டிக்கொடுத்தது அவர் தோட்டத்தில்தான். ‘போடு’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அந்தப் பக்கம் வணக்கம் சொல்லிப் பேசும்போது, இந்தப் பக்கம் மொட்டையாகப் ‘போடு’ என்றால் நன்றாகவா இருக்கும்? பார்வதம்மா போனில் மைக்கை அழுத்தி வாய்விட்டுப் பேசுவார். அது எழுத்தாகிப் போகும். “வணக்கம்மா, சாப்ட்டியா, கரண்டு வந்துட்ச்சி, மோட்டாரு போடும்மா, வாய்க்கா கிட்ட மண்ணு சரிஞ்சி கீது, மெதுவா வுடு, ஒனக்குப் புண்ணியமா போவும்.”

செய்திக்கு ஒதுக்கிய இடம் சிறியது. செக் இருந்தால், கொள்ளுமளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். இல்லாவிட்டால் மிச்சம் பக்கத்து இடத்தில் போய் உட்காரும். பக்கத்தில் இருப்பது, போர்வெல் வற்றினால் எப்போது மோட்டாரை நிறுத்துவது என்று சொல்லும் எண். அதன்மேல் பார்வதம்மாவின் புண்ணியம் ஏறி உட்கார்ந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியதும், போர்வெல் வற்றியது போல, வாணி டிரம்மிலிருந்து வரும் குழாயை மூடினாள். மோட்டார் நிற்கவில்லை. தண்ணீரில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. தீய்ந்த வாசனை வந்ததும் ஸ்ரீராமே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

“இவ்ளோ நீளமா யாரு அனுப்புவாங்க? ஒரே ஒரு யூசர்.”

“அவங்களுக்கும் ஒரே ஒரு மோட்டாருதான் சார் கீது.”

“அப்போ இடம்?”

வாணி ரயிலில் செய்வதையே செய்தாள். எது ஆள், எது பை என்று பார்த்தாள். செக் ஆள். ‘மோட்டார் போட்டாச்சுங்க’ ஆள். ‘வணக்கம்ங்க’, மூன்று மொழியிலும், பை. இறக்கிவிட்டாள். எல்லாம் அடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பியும் ஆயிற்று. மறுநாள் மெக்கானிக் பேத்தமங்களாவுக்குப் போய்ப் புதியதை ஏற்றிவிட்டு வந்தான்.

அந்த வாரமே, வண்டி பங்காருபேட்டையில் நிற்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கர் போடாமலே பலகை முழுக்கக் கேட்கிற குரல் பார்வதம்மாவுக்கு.

“இன்னா வாணிம்மா, பெட்டில பேசுற பொண்ணுக்கு என் மேல கோவமா? எடுத்தவொடனே ‘போட்டாச்சுங்க’ன்றா. ஒரு வணக்கம் கெடையாது. நான் இன்னா தப்பா பேசிட்டன்? புடிக்கலன்னா சொல்லிடு, அந்தப் பெட்டியே வாணாம். மோட்டாரு ரூமுக்குப் போயி நானே போட்டுக்கறன்.”

மனோகர் வாயைப் பொத்திக்கொண்டார். வாணி சிப், இடம், மூன்று மொழி என்று தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

இப்போது தினமும் பங்காருபேட்டை தாண்டியதும் அவளே பார்வதம்மாவுக்கு ஒரு போன் போடுகிறாள். தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். மனோகருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வீட்டில் யாரும் கேட்டிராத அந்தப் பெட்டிக் குரலில் “வணக்கம்ங்க” என்று மட்டும் சொல்லி, அந்தப் பக்கம் பேசத் தொடங்குமுன் வைத்துவிடுகிறாள்.