மடங்காத முழங்கை

"ஃப்ளெக்ஸ் பண்ணுங்க மேடம், இன்னும் கொஞ்சம்" என்றாள் வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மழையில் வழுக்கி விழுந்து உடைந்த வலது முழங்கை சேர்ந்துவிட்டது, மடங்கத்தான் மறுத்தது.

ஜவ்வாது மலையில் இங்கிலீஷ் டீச்சர் நான். திரும்பும் பஸ்ஸில் அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். வளைப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். வளையும் மின்சார ஒயருக்கும் அதே பெயர். பையன்கள் புஜத்தை முறுக்கிக் காட்டுவதும் அதுதான். அதிலிருந்து வெறும் பீற்றலுக்கும் ஆகிவிட்டது. ஆலங்காயத்தில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே காதுகுத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். சுருட்டி எடுத்துப் போகலாம் என்பதால் வந்த பெயர் போலிருக்கிறது. ஊரில் எல்லாம் வளைகிறது, என் கையைத் தவிர. எரிச்சலாக வந்தது.

மலையில் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான். புதுச் சாமை பொங்கிய அன்று உறவுக்காரர்களோடு சாப்பிடக் கூப்பிட்டார். என் கை வாய்வரை போகாது. பந்தியில் எல்லோர் முன்னாலும் இடது கையால் எப்படிச் சாப்பிடுவது? வயிறு சரியில்லை என்றேன். அடுத்த முறை, பேப்பர் திருத்த வேண்டும் என்றேன். கட்டுப் பிரித்தாயிற்று, போர்டில் எழுத நீட்டிய கையே போதும் என்பதால், கை மடங்காதது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் முறை அவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னா டீச்சர், எங்க வூட்ல கை நனைக்க மாட்டீங்களா?"

கீழேயிருந்து வருபவர்களில் மலைக்காரர்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள் உண்டு. என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டார். உண்மையைச் சொல்ல வெட்கம் விடவில்லை. அதன்பின் அவர் வரவில்லை. பள்ளி விட்டு வந்தால் நானும் சுவரும்தான்.

தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்து, அழுதுகொண்டே கையை மடக்கினேன். ஒருநாள் காலை உப்புமா வாய்க்குள் போனது. சொல்வதற்கு ஆளில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்கு நானே போனேன். முதல் கவளத்தை அவர் முன்னால் சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"அக்கா, பசிக்குது. சோறு போடுங்க."

உள்ளே போனவர், சாமைச் சோற்றில் குழம்பு ஊற்றி, தூக்குவாளியை மூடிக் கொண்டுவந்து நீட்டினார்.

"எட்த்துனு போய் உங்க வூட்லயே சாப்டுங்க டீச்சர். இங்க உங்களுக்குத் தோதுபடாது."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்துக்கும் கை ஒழுங்காக மடங்கியது.