சிங்க் ஓட்டையில் ஒரு வலை

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதவில்லை. என் வீட்டுச் சமையலறையில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

அந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சமையலறை சிங்க் ஒழுகியது. பிளம்பர் "நாளைக்கு வர்றேன்" என்றே மூன்று வாரம் ஓட்டினார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நானே புது சிங்க் வாங்கி வந்துவிட்டேன்.

"உங்களால முடியுமா?" என்றாள் மனைவி.

"இதென்ன பெரிய கம்ப சூத்திரமா?"

பழைய சிங்க்கில் ஒன்று வினோதமாக இருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் ஒரு கம்பி வலை. நான்கு ஸ்குரு போட்டு முறுக்கியிருந்தார்கள். மூடி போட்டுத் தண்ணீரைத் தேக்கவே முடியாது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

புது சிங்க் சரியாக உட்கார்ந்தது. குழாயையும் மாட்டியாயிற்று. விளிம்பில் பூசும் சிலிக்கானை மட்டும் வாங்க மறந்திருந்தேன். மனைவி என்னைத் திட்டிக்கொண்டே வெளிக்கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். எங்கள் ஏழு மாதக் குண்டன் உள்ளறையில், தடுப்பு வைத்த கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு உட்காரத்தான் தெரியும், தவழக்கூட வராது.

நான் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, கழிவுக் குழாயின் நட்டை முறுக்கினேன். நட்டோடு சேர்ந்து மேலே ஓட்டையின் வாயில் இருந்த வளையமும் சுற்றியது. மேலே ஒருவர் பிடித்தால்தான் கீழே இறுகும்.

"மேல கொஞ்சம் பிடி." காலையிலிருந்து சொல்லிப் பழகிய வாய்.

வளையம் நின்றது. நட்டு இறுகியது.

"போதும், விடு."

அப்போதுதான் உறைத்தது. அவள் கடைக்குப் போயிருக்கிறாள்...

தலையைச் சாய்த்துப் பார்த்தேன். தரையில் யாருடைய காலும் இல்லை. ரப்பர் வாஷர் கவ்வியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுந்து, ஓட்டையை மூடியால் அடைத்து, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்தேன். ஒழுகுகிறதா என்று பார்க்க மறுபடி அடியில் நுழைந்தேன். ஒரு சொட்டு இல்லை.

மூன்று பத்துக்கு ஹாலில் என் போன் அடித்தது. உடனே நின்றுவிட்டது.

சளப்.

என் தலைக்கு நேர் மேலே.

சளப்... சளப்...

பிறகு ஒரு சிரிப்பு. என் பிள்ளையின் சிரிப்பு.

பதறி எழப் பார்த்தேன். தோள் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

சிரிப்பு நின்றது.

குமிழி விடும் சத்தம்...

கத்தினேன்.

டப்.

என் காதோரம், குழாய்க்குள் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. யாரோ மூடியைப் பிடுங்கிவிட்டார்கள்.

சட்டை கிழிய வெளியே வந்தேன். குண்டன் சிங்க்குக்குள் கிடந்தான். தலைமுடியெல்லாம் நனைந்து இருமிக்கொண்டிருந்தான். மூடி, மேல் அலமாரியில் இருந்தது. உள்ளறைக் கட்டிலின் தடுப்பு போட்டபடியே இருந்தது. வெளிக்கதவு பூட்டியபடியே இருந்தது.

அவனை அள்ளிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மனைவி வந்ததும் டாக்டரிடம் ஓடினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். வீடு திரும்பி, வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்முன் அவர் கேட்டார்.

"அந்த வலையக் கழட்டிட்டீங்களா?"

"ஏன்?"

"முன்னாடி இருந்த பொண்ணு போட்டது. கைக்குழந்தைய சிங்க்லதான் குளிப்பாட்டுவா. ஒருநாள் போன் அடிக்குதுன்னு ஹாலுக்குப் போனா. திரும்பி வர்றதுக்குள்ள... அப்புறம்தான் வலை போட்டா. அந்த வருஷமே அவளும் போய்ச் சேர்ந்துட்டா."

போனை வைத்தேன். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த மனைவி, அப்போதுதான் ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள்.

"ஏங்க, கடையிலேர்ந்து நான் கூப்பிட்டப்ப எடுத்துட்டு ஏன் பேசல?"

நான் எடுக்கவே இல்லை.

"சிலிக்கான் வெள்ளையா கறுப்பான்னு கேட்டுட்டே இருந்தேன். தண்ணி சொட்டுற சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் ஒரு பொம்பள 'ஐயோ'ன்னா... ஓடுற சத்தம். டிவியோன்னு நினைச்சேன்."

எங்கள் வீட்டில் டிவி கிடையாது.

குப்பைக்கூடையைக் கவிழ்த்து அந்த வலையைத் தேடி எடுத்தேன். புது சிங்க்கில் துளை போட்டு, நான்கு ஸ்குருவையும் நானே முறுக்கினேன்.

மேலே பிடி என்று யாரிடமும் சொல்லவில்லை.