நைனா வெட்டிய புதர்

எங்கள் ஊரில் புதர் என்றால் ஆளுக்கு ஒரு நினைப்பு வரும். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தழை. அடுப்புக்கு முள் வெட்டுகிறவர்களுக்கு விறகு. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும், சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சியும், ஊறுகாய்க்குக் களாக்காயும் அங்கிருந்துதான் வரும். நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவுக்கு மட்டும் அது சும்மா கிடக்கிற நிலம்.

பெண்களுக்கு அது என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த வயதில் எனக்கென்ன வெட்கம், நான் சொல்கிறேன். திருத்தணி மலைக்குப் பின்னால், எங்கள் நிலத்தின் ஓரமாக ஆளுயரம் வளர்ந்திருந்த அந்தப் புதரில்தான் விடிவதற்கு முன் நாங்கள் ஒதுங்குவோம். வடக்கே எங்கள் தெருப் பெண்கள், தெற்கே எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்கிற பெண்கள். அங்கேயும் பாகம் பிரித்து வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். நைனாவுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரியாதது போல இருந்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

உலகச் சண்டை நடந்த காலம், தானியத் தட்டுப்பாடு. எந்த நிலத்தையும் சும்மா போடாதீர்கள் என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். புதரை அழித்து வேர்க்கடலை போடுவதாக நைனா சாப்பிடும்போது சொன்னார். அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது. உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அங்க பாம்பு இருக்குதுங்க. போன வாரம் கூட நானே பாத்தேன்" என்றாள்.

"பாம்பு இருக்குதா? அப்போ மொதல்ல அதத்தான் வெட்டணும். புள்ளத்தாச்சி இருக்கிற வீடு" என்றார் நைனா.

பிள்ளைத்தாய்ச்சி என் அக்கா. அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. தலைப்பிரசவத்துக்கு அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அடுத்த மாதம் வெட்டுவதாக இருந்த புதரை, அம்மா சொன்ன பொய்யால் நைனா மறுநாளே வெட்ட ஆள் விட்டார்.

வெட்ட வந்தவர்களில் பாதிப் பேர் தெற்குப் பக்கத்துப் பெண்கள். கூலி வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தங்கள் மறைவைத் தாங்களே வெட்டிக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு போனார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோன என்னை ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அம்மா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பாறை மறைவுக்குப் போகவேண்டியிருந்தது. கல்லும் மேடுமான வழி. நிறைமாதக்காரியால் இருட்டில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அம்மா ஓலை கட்டி மறைப்பு வைத்தாள். பண்ணையாட்கள் வந்துபோகிற இடம் என்று அக்கா அங்கே போகவே மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பதில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். சித்திரை வெயிலில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நைனா கிட்ட சொல்லிடாதடி" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்காக என்னை நான் மன்னித்ததே இல்லை.

ஒரு மத்தியானம் அக்கா முற்றத்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவச்சி வந்து பார்த்தபோது அவள் உடம்பு அனலாகக் கொதித்தது, நாக்கு வறண்டிருந்தது. மாதம் முடியுமுன்பே வலி கண்டது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை.

மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே வாசலில் நின்ற நைனாவிடம், "ஒரு வாய் தண்ணி குடுக்காம இன்னா பண்ணிகினு இருந்தீங்க வூட்ல?" என்று கத்தினாள். நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சா வெளிய போவணும் நைனா. போறதுக்கு எங்க இருக்குது எடம்? நீ வெட்டிட்டியே" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெண் ஆணிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அறை விழும் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த வருஷம் அவர் வேர்க்கடலை போடவில்லை. உழுது வைத்த மண்ணில் நொச்சிக் குச்சிகளைத் தன் கையாலேயே நட்டார். வடக்குப் பக்கம் மட்டுமில்லை, தெற்குப் பக்கமும். ஏரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். ஊர் ஆண்கள், "இன்னா, பொதருப் பயிர் வெக்கிறியா?" என்று கிண்டல் பண்ணினார்கள். "ஆங்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நொச்சி ஆளுயரம் வர மூன்று வருஷம் ஆனது. அதற்குள் அக்காவுக்கு அரக்கோணத்திலேயே ஒரு மகன் பிறந்திருந்தான். அந்தப் பிரசவத்துக்கு அழைத்துவர நைனாவே போயிருந்தார். அக்கா அவருக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாளாம். வரமாட்டேன் என்றாளாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க மனசு வராமல் திரும்பி வந்தேன் என்று அவர் அம்மாவிடம் சொன்னார்.