செத்துப்போன சம்பந்தியம்மா

பூமாலை செத்துச் சில மாசமாகியும் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் சோறாக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சாகடித்தது நோயல்ல, கூடப்பிறந்த அண்ணன் கந்தசாமி. தொழுநோய் முழுசாகக் குணமாகிவிட்டதென்று சிஸ்டர்கள் அடித்துச் சொல்லியும் ஊர் நம்பவில்லை. புருஷன் நோயென்று கேட்டதுமே ஓடிப்போனவன். மகள் அஞ்சலையை வளர்த்து ஆளாக்கியது கந்தசாமிதான். வரன் வந்தபோது அவன், பெண்ணுக்குத் தாய் இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அஞ்சலை அழுதாள், பூமாலைதான் அவள் வாயை அடைத்தாள். மகள் வாழ்ந்தால் போதும் என்று அவளே சாகச் சம்மதித்தாள்.

செத்தவளுக்கு வாய் மட்டும் குறையவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் நோயாளி யாராவது காரம் கம்மி என்றால், மாமியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்வாள். ஜெபமணி அடித்ததும் சிஸ்டர்களோடு உட்கார்ந்து பாடுவாள். வார்த்தை ஏசுசாமியுடையது, ராகம் மாரியம்மனுடையது. சிஸ்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே ராகத்தில் கூடப் பாடுவார்கள். நோய் போன பிறகும் அவள் கையில் உணர்ச்சி திரும்பவில்லை. சூடு தெரியாது. அதனால் துணி பிடிக்காமல் பாத்திரத்தைத் தொடக் கூடாதென்பது அவள் அடுப்படியின் சட்டம்.

எண்பத்தேழில், ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மாப்பிள்ளை வீட்டார் வடக்கனந்தலிலிருந்து வேனில் கிளம்பி, மிஷன் வழியாகத்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மருமகன் முகத்தை ஓட்டத்திலாவது பார்க்கலாமென்று பூமாலை மிஷன் வாசலருகே நின்றாள். இடஒதுக்கீடு கேட்டு அறிவித்திருந்த மறியல், குறித்த நாளுக்கு முன்பே ஊருக்கு ஊர் தொடங்கியிருந்தது. சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வேன் மிஷன் வாசலிலேயே நின்றுவிட்டது.

சிஸ்டர் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். வாசலில் தொழுநோய் ஆஸ்பத்திரி என்றிருந்த போர்டைப் படித்தவர்கள் தயங்கினார்கள். பூமாலை ஒளிக்கவில்லை.

“ஆக்குனது நான்தாங்க. எனக்கும் இந்த நோவு இருந்து செரியாயிடுச்சி. இஷ்டம்னா சாப்புடுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா பாப்பாத்தி, பசியில் சிணுங்கிய பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை பழனி நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை. அவன் இலை காலியாகக் காலியாகப் பூமாலைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் துணியை மறந்தாள். கொதிக்கிற சாம்பார் குண்டானை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு அவன் இலைக்கு வந்துவிட்டாள். பாப்பாத்தி பதறிப்போய்க் கீழே வைக்கச் சொன்னாள். அதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பூமாலையோ வலி தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் மருந்து போடும்போது கையைத் தாங்கிப் பிடித்தது பாப்பாத்திதான். “வந்ததுலேருந்து எம்புள்ளையையே பாத்துகினு இருக்கியேம்மா. இன்னா சேதி?”

மிஷன்காரர்களைத் தவிர யாரும் தொடாத கை அது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறவளிடம் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லி முடித்ததும்தான் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று உறைத்தது.

“பொண்ணு மேல தப்பு இல்லீங்க. கல்யாணத்த நிறுத்திடாதீங்க. நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்.”

பாப்பாத்தி பிடித்த கையை விடவில்லை. பழனியின் பெரியப்பா மட்டும், இப்படி ஒரு சம்பந்தம் தேவையா என்று முணுமுணுத்தார். ரசத்தை மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தபோது இந்த ரோசம் எங்கே போயிற்று என்று பாப்பாத்தி கேட்டாள். பழனி சிரித்தேவிட்டான். பெரியப்பா கைகழுவ எழுந்து போனார்.

“நல்ல பொடவையா கட்டிகினு வாங்க சம்பந்தி,” என்றாள் பாப்பாத்தி. “ஏரிக்கரையோட நடந்தே போயிடலாம்.”

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். பந்தல் வாசலில் கும்பிட்டு நின்ற கந்தசாமி, கூட்டத்தில் தங்கையைக் கண்டதும் கும்பிட்ட கையை இறக்க மறந்துவிட்டான். மேளக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்கள்.

“உங்க தங்கச்சி செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே,” என்றாள் பாப்பாத்தி. “உயிரோட கூட்டியாந்துகீறேன். மொதல்ல அவங்களுக்கு எல போடுங்க. எங்களுக்கு அப்பறம் போட்டுக்கலாம்.”

கந்தசாமி பதில் சொல்வதற்குள், மஞ்சள் பூசி நலங்குக்கு உட்கார்ந்திருந்த அஞ்சலை பாதியில் எழுந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பூமாலையின் நல்ல புடவை முழுக்க மஞ்சளாகிவிட்டது.