பாடகர் இருந்த இடத்தில் தலைவர்

ஸ்கூல் காலத்துலேருந்து நான் உயிரா நெனைக்கிற ஹட்டன் பாட்டுக்குழு, இப்ப தேயிலைத் தோட்டம் தோட்டமா கச்சேரிக்குப் போகுது. போஸ்டர் நான்தான் வரைஞ்சேன். பாடகர் முகம் சரியா வரணும்னு அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்.

இன்னைக்கு பொகவந்தலாவை பஸ் நின்ன எடத்துல, அந்தப் போஸ்டர் சுவத்துல ஒட்டியிருந்துச்சு.

பாடகர் முகத்து மேல தோட்டத் தொழிலாளர் யூனியன் தலைவர் போட்டோ. கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. அவரு காதுக்குப் பின்னால நான் வரைஞ்ச கிட்டார் மட்டும் எட்டிப் பாக்குது.

குழு மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"தலைவர் படம் இல்லாட்டி கிரவுண்டு குடுக்க மாட்டாங்க தம்பி. நீங்கதான் எடமே விடாம வரைஞ்சு வச்சிருக்கீங்களே!"

பக்கத்து சீட்டு அக்கா வேற அந்தப் போஸ்டரைப் பார்த்துட்டு, "தலைவரு கிட்டாரெல்லாம் வாசிப்பாரா?"ன்னு கேக்குறாங்க.

கச்சேரிக்குப் போறவங்க வந்து சொல்லுங்க, தலைவரு எப்படிப் பாடினாருன்னு.