இருமலை வெட்டி ஒட்டிய நாடா

என் கணவர் தமிழ்ப் பள்ளியில் பாட்டு வாத்தியார். தொண்டையில் கட்டி வந்து அறுத்தெடுத்த பிறகு, காலையில் கொஞ்ச நேரம்தான் அவருக்குக் குரல் இருக்கும். அப்புறம் வெறும் காற்று. பாட முடியாத பாட்டு வாத்தியாரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? நான் நாலாவதோடு பள்ளியை விட்டவள். அவர் வேலை போனால் நான் எந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அவர் வேறு வழி பார்த்தார். பள்ளி அலமாரியில் டேப் ரெக்கார்டர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, செராங்கூன் ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி அறைக்குக் கொண்டுவந்தார். விடிந்ததும் நான் சுருதிப்பெட்டியை அமுக்குவேன்; அவர் ஒரு வரி பாடுவார். பிள்ளைகள் திருப்பிப் பாட அதே அளவு இடம் விட்டு, அதில் தொடையைத் தட்டித் தாளம் மட்டும் போடுவார். பதிந்த நாடாவில் இருமல் விழுந்த இடங்களைப் பிளேடால் வெட்டி ஒட்டுவார். சோற்றுத் தட்டில்கூட நாடாத் துணுக்கு கிடக்கும்.

பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் திட்டுவதையும் சேர்த்துப் பதிந்தார். "காந்தார சுரம் இறங்கித் தொங்குது பாரு. கடைசி பெஞ்சு, வாயில என்ன, கச்சாங் பூத்தே கடலை மெல்லுறியா? மறுபடி பாடு."

"திட்டுறதெல்லாம் எதுக்குங்க அதுல?" என்றேன்.

"அது இல்லாட்டி வகுப்பு மாதிரியா இருக்கும்?"

கல்வி அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் வேலையில் தொடரலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அதிகாரி வந்த அன்று நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கரண்டு போகுமோ, ஒட்டிய இடத்தில் நாடா அறுந்துவிடுமோ என்று வாசல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் காந்தாரத்தில் சுருதி இறங்கிப் பாடினார்கள். டேப் ரெக்கார்டர் சரியாக அங்கே திட்டியது. பிள்ளைகள் சிரித்துவிட்டுத் திருத்திப் பாடினார்கள். அதிகாரியும் சிரித்தார். என் கணவர் கையைக் கட்டி ஓரமாக நின்றார்.

"ரொம்ப நல்லாயிருக்கு சார்," என்ற அதிகாரி, தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இதுக்குத் தனியா ஒரு ஆள் வேணாமே. எந்த டீச்சரும் பொத்தானை அமுக்கலாம்லா."

"ஆமாங்க, பிள்ளைங்களும் கொறைஞ்சுகிட்டேதான் போறாங்க. எல்லாரும் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போயிடுறாங்க," என்றார் தலைமையாசிரியர்.

என் கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நான் ஓடிப்போய் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் இருவரும் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியோடு அவரை நிறுத்தினார்கள். நாடாக்கள் பள்ளிச் சொத்து என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் காலைக் குரலும் அடங்கியது.

தேக்கா மார்க்கெட்டுக்கு அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் வழியே நாடாவில் அவர் பாடுவதும், அதட்டுவதும், பிள்ளைகள் சிரிப்பதும் தெருவரை கேட்கும். நான் காய்கறிப் பையை இறக்கி வைத்ததும் அவர் கிசுகிசுப்பாகக் கேட்பார்: "இன்னைக்கு எந்தப் பாடம் ஓடுது?"

"பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க," என்பேன்.