மாநிறத்தில் ஒரு பாப்பா

துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் சுரேந்தர், வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் ஒரு விளையாட்டு விளையாடுவான். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, "ஒண்ணும் பயப்படாதீங்க, உள்ள கொழந்தைத் தலை வேகுது" என்பான். வந்தவர் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்து முடிப்பதற்குள், உள்ளேயிருந்து அவன் மனைவி புவனாவின் குரல் வரும்.

"ஏனுங்க, காப்பி குடுக்கறதுக்குள்ள வந்தவங்களப் பயங்காட்டித் தொரத்திப்போடாதீங்க!"

அவன் சொன்னதில் பொய்யும் கிடையாது. புவனா செய்து விற்பது ரீபார்ன் பொம்மைகள். அசல் கைக்குழந்தையைப் போலவே இருக்கும் பொம்மைகள். தலையும் கைகால்களும் வினைலில் வார்த்த வெற்று உருக்களாகப் பார்சலில் வரும். அவற்றின்மேல் பெயிண்டை மெல்லிய பூச்சாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஓவனில் வைத்து எடுத்தால்தான் நிறம் பிடிக்கும். கண்ணிமையில் நரம்பு, நகத்தில் வெள்ளை விளிம்பு, முட்டியில் சுருக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் ஊசியால் ஒவ்வொரு முடியாகத் தலையில் நடவேண்டும். துணியால் தைத்த உடம்புக்குள் பஞ்சோடு கண்ணாடி மணிகளை அடைத்துவிட்டால் பிறந்த குழந்தையின் கனம் வந்துவிடும். தூக்கினால் தலை பின்னால் சாயும். தூக்குகிறவர் கை, பொம்மை என்று தெரிந்திருந்தும், தானாகப் பிடரியைத் தாங்கப் போகும். அந்தக் கை போவதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று புவனாவுக்குத் தோன்றும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெருந்துறையில் ஒரு சாயப் பட்டறையின் லேபில் வேலை பார்த்தவள். வாங்குகிறவர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்துக்கு அச்சு அசலாகச் சாயம் கலந்து காட்டுவதுதான் வேலை. "இன்னும் துளி மஞ்ச கேக்குது" என்று அவள் சொன்னால் துணி உண்மையாகவே கேட்கும். கல்யாணமாகித் துடியலூர் வந்த பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கும்போது மட்டும் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவாள். மகன் கல்லூரி விடுதிக்குப் போய் வீடு அமைதியானதும், செல்போனில் யாரோ பொம்மைக்கு நிறம் பூசுவதைப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குக் கன்னத்துல நரம்போட பச்சை பத்தலையே" என்றுதான் முதலில் நினைத்தாள்.

முதல் தலையை வேகவைக்க வீட்டில் ஓவன் இல்லை. சுரேந்தரின் கடையில், செம்புக் கம்பி சுற்றி வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார்களைக் காயவைக்க ஒரு பெரிய ஓவன் உண்டு. அதில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, வேலையாள் பாலுசாமியிடம் சொல்ல மறந்துவிட்டாள். மோட்டாரை எடுக்கக் கதவைத் திறந்த பாலுசாமி மேட்டுப்பாளையம் ரோட்டில் போய்த்தான் நின்றான். திரும்ப அழைத்துவருவதற்குள் சூடு ஏறி, வார்னிஷ் புகையும் பிடித்து, ரோஜா நிறத்தில் போன தலை பழுப்பாக வந்தது.

"இப்பத்தாம் அம்மணி நம்மூட்டுப் புள்ளையாட்டம் இருக்குது" என்றான் சுரேந்தர்.

தலை வீணாய்ப் போனது. ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு சின்ன ஓவன் வந்தது, கை தேறியது, பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் கேட்டு வாங்கினார்கள். கோயமுத்தூரிலேயே வாங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். செவேலென்று இருக்கவேண்டும், நீலக் கண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. "அக்கா, நல்ல கலரா ஒண்ணு செஞ்சு குடுங்க" என்பார்கள். மற்றதெல்லாம் கலரே இல்லாதது மாதிரி. புவனா யாரோடும் வாதாடவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தாள். ஆனாலும் எத்தனையோ ஷேடுகளைப் பிடித்துக் காட்டிய தனக்கு, தன் கையிலேயே இருக்கிற நிறத்தை ஒரு தடவையாவது பிடித்துக் காட்டவேண்டும், அதை நம் ஊர்க்காரர் ஒருவர் விரும்பி வாங்கவேண்டும் என்று ஓர் ஆசை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

யாரும் கேட்காமலே அதைச் செய்தாள். சுலபமாக வரவில்லை. ரோஜா நிறத்தின்மேல் பழுப்பை ஏற்றினால் களிமண் பிள்ளையார் மாதிரி ஆனது. அடியில் மஞ்சளும், நடுவில் செங்காவியும், அதன்மேல் நீர்த்த பழுப்பும் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினாள். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிறவிட்டாள். விரல் கணுக்களையும் காது மடலையும் ஒரு படி கருக்கினாள். பிறந்த குழந்தை எப்படியிருந்தாலும் பின்னால் வரப்போகும் நிறம் காது மடலில் தெரியும் என்று பார்த்துச் சொல்கிற ஊர் இது. அதைத் தப்பவிட்டால் எவரும் நம்பமாட்டார்கள்.

படத்தைப் போட்டதும் பாராட்டு குவிந்தது. "எவ்வளவு அழகுங்க்கா! இதே பாப்பா சிவப்பா கெடைக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். வாங்க ஒருவரும் வரவில்லை. வேலை செய்யும் அறையில் இடமில்லாததால் பாப்பாவை ஹாலில், டிவி பக்கத்து ஜன்னலோரம், ஒரு பிரம்புக் கூடையில் படுக்க வைத்தாள். அது மாதக்கணக்கில் அங்கேயே தூங்கியது.

ஹால், மாமியார் ராசாத்தாளின் இடம். பொம்மை வேலை ராசாத்தாளுக்குப் பிடிக்காது. சண்டை போடவும் மாட்டாள். "வெள்ளக்காரப் புள்ளைகளாக் கெடக்குது, உள்ள வந்தா இங்கிலீசுல அழுகுமாட்ட" என்று சொல்லி, அந்த அறை வாசலைக்கூட மிதிக்கமாட்டாள். ஹாலுக்குக் கூடை வந்த அன்று மட்டும் எட்டிப் பார்த்து, காது மடலைத் திருப்பிப் பார்த்து, "வளந்தா உன்ற மாமனாராட்டம் கருப்பு வரும்" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தாராபுரத்திலிருந்து நித்யஸ்ரீ என்கிற பெண் பேசினாள். பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள்.

"பாப்பா தூங்கறதே சித்த நேரந்தானுங்க்கா. அதுக்குள்ள லைட்டெல்லாம் சரி பண்ணோணும். பொம்மைய வெச்சுச் சரிபண்ணி வெச்சுக்குவேன். எங்கிட்ட இருக்கறது வெள்ளைப் பொம்மை. அதுக்கு வெச்ச லைட்டுல நம்ம புள்ளைகள எடுத்தாச் சாம்பல் பூசுனாப்புல வருதுங்க. உங்க பாப்பா படத்தப் பாத்தேன். அது இன்னும் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொல்லும்போது புவனாவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நாளைக் காலையில் நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாக நித்யஸ்ரீ சொன்னாள்.

அன்று மத்தியானம் புவனா கூடையிலிருந்து பாப்பாவைத் தூக்கி மெல்லிய துணியால் துடைத்தாள். இத்தனை நாளும் ஜன்னல் பக்கம் சாய்ந்தே கிடந்த இடது கன்னத்தில் கருப்பாக ஏதோ இருந்தது. துடைத்தாள். மேலாக இருந்தது வந்தது. உள்ளே மிளகளவுக்கு ஒரு சாம்பல் வட்டம் வராமல் நின்றது.

"அத்தை, இந்தப் பாப்பா கன்னத்துல என்னங்க?"

ராசாத்தாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொட்டு."

"யாருங்க வெச்சது?"

"நானுதான். அந்த எதுத்தூட்டுச் சண்முகப்ரியா வாரப்பல்லாம் கூடைக்கிட்ட நின்னுக்கிட்டு எத்தன அழகு, எத்தன அழகுங்கறா. அவ கண்ணு லேசுப்பட்டதா? போன வருசம் நம்ம முருங்கையப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா, அதோட போச்சு. அதான் அவ அக்கட்ட போனதும் ஒரு பொட்டு வெச்சு உட்டுருவேன். மக்யா நாள் எண்ணெயத் தொட்டுத் தொடச்சுபோட்டு மறுக்கா வெப்பேன்."

"எந்த மைங்க?"

"நான் வெளக்கெண்ணெயில எரிச்சு வெச்சிருக்கறதுதான். கடை மை புள்ளைக்கு ஆகாது."

புவனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விளக்கெண்ணெய்ப் புகைமையும் தேங்காய் எண்ணெயும் மாறி மாறி ஊறினால் வினைல் விடுமா?

"அத்தை, பொம்மைங்க அது!"

"எனக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சும் எதுக்குங்க வெச்சீங்க? நாளைக்கு வாங்கறதுக்கு ஆள் வருது. மொதத் தடவையா நம்ம நெறத்துப் பாப்பா வேணும்னு ஒருத்தி வாரா."

ராசாத்தாள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம். "அந்த வெள்ளப் புள்ளைக எத்தன போச்சு இந்த ஊட்ட உட்டு. ஒண்ணுக்காச்சும் வெச்சனா?" என்றாள்.

கோபத்தில் இருந்த புவனாவுக்கு அது காதில் விழுந்ததே தவிர, உள்ளே போகவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள். வினைலில் கறை பட்டால், முகப்பருவுக்குப் போடும் களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் மெல்ல வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கறையோடு அவள் ஏற்றிய நிறமும் சேர்ந்து வெளுக்கும் என்பதும் தெரியும். காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில் துளி தடவி மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தாள். பயந்தபடியே ஆயிற்று. மேலே புதுப் பூச்சு ஏற்றினால் இந்தக் கன்னம் அந்தக் கன்னத்தைவிடக் கருக்கும். பட்டறையாக இருந்தால் துணியிலிருக்கும் சாயத்தை முழுக்க வெளுத்துவிட்டு மறுபடி சாயம் போடுவார்கள். இங்கே ஒற்றைக் கன்னத்தை மட்டும் எப்படி வெளுப்பது?

மாடியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாப்பாவை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் மாமியார் சொன்னது உள்ளே இறங்கியது. ஒண்ணுக்காச்சும் வெச்சனா? இல்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை. எந்த வெள்ளைப் பிள்ளைக்கும் கண்பட்டுவிடும் என்று ராசாத்தாளுக்குத் தோன்றியதே இல்லை. புவனா அந்தச் சாம்பல் வட்டத்தைப் பார்த்தாள். ஷேடு பிடித்துவிட்டது என்று லேபில் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இது வேறு மாதிரிக் கையெழுத்து. ஆனால் இதை எப்படி விற்பது?

நித்யஸ்ரீ காலையில் வந்தாள். துறுதுறுவென்று இருந்தாள். காப்பியைக்கூடத் தொடாமல் பாப்பாவைத் தூக்கினாள். கை தானாகப் பிடரிக்குப் போனது. ஜன்னலருகே கொண்டுபோய்த் தன் கையைப் பாப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அய்யோ, என்ற கைதானுங்க்கா இது!" என்றாள். பிறகு கன்னத்தைத் திருப்பினாள்.

புவனா மறைக்காமல் சொன்னாள். "மை ஊறிப்போச்சுங்க அம்மணி. எடுக்க முடியல."

"நாந்தான் வெச்சேன் கண்ணு" என்று சோபாவிலிருந்து ராசாத்தாள் குரல் கொடுத்தாள். "மருமவ மேல தப்பில்ல."

நித்யஸ்ரீக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஸ்டூடியோவிலயும் இதே கதைதானுங்கம்மா. எந்தப் பாப்பா வந்தாலும் மொத வேலை பொட்டத் தொடைக்கறது. கூட வார பெரியவங்க என்னய மொறைக்கற மொறைப்பு இருக்குதே!" சிரித்துவிட்டுக் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். முகம் கொஞ்சம் யோசனையாயிற்று. "ஆனா அக்கா, இது தொடைச்சாலும் போகாதுங்களே. லைட்டு எங்க உளுகுதுன்னு கன்னத்துலதான் பாப்பேன். இது ஆகாதுங்க."

புவனா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததுதான். பாப்பாவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நித்யஸ்ரீ கொடுக்கவில்லை. இன்னும் பிடரியைத் தாங்கியபடியே நின்றாள்.

"இதே நெறத்துல புதுசா ஒண்ணு செஞ்சு தருவீங்களா? இன்னும் கொஞ்சம் கருப்பா இன்னொண்ணு? எங்கிட்ட எல்லா நெறத்துலயும்தானுங்களே வாராங்க."

"நாளாகுமுங்க."

"ஆகட்டுமுங்க. அவசரப்பட்டுச் செவப்பாக்கிப் போடாதீங்க, அது போதும்."

அவள் காரேறிப் போன பிறகு புவனா காப்பி டம்ளரை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. நின்றபடியே தானே குடித்து முடித்தாள். சர்க்கரை ஒரு துளி அதிகம். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப இது எங்கயும் போகலையா?" என்றாள் ராசாத்தாள், கூடையைக் காட்டி.

"போகலைங்க. இனி யாரு வாங்குவாங்க?"

"சரி, அப்பக் கூடைய இக்கட்ட நகத்து. வெயிலு மூஞ்சியில அடிக்குது."

அடுத்த சில வாரங்கள் அறையில் வேலை மும்முரமாக நடந்தது. முதல் பாப்பாவின் நிறம் கைக்குப் பழகியிருந்ததால் சீக்கிரம் வந்தது. கருத்த பாப்பாதான் ஆட்டம் காட்டியது. அதற்கு நீலம் கேட்டது. நீலத்தைத் துளி சேர்த்ததும் தோல் உயிர் பிடித்துக்கொண்டது. சுரேந்தர் வந்து பார்த்துவிட்டு, "இது பாலுசாமி ஜாடை. காட்டுனா மறுக்கா ஓடிப்போவான்" என்றான்.

ஒரு நாள் சாயங்காலம் அறை வாசலில் நிழல் தட்டியது. ராசாத்தாள். வாசலை மிதித்து உள்ளேயே வந்துவிட்டாள். மேசையில் கிடந்த கைகால்களைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"சண்முகப்ரியா இதுகளையும் பாத்துப்போட்டா. நேத்து ஜன்னல் வழியாப் பாத்தா."

"அத்தை, கும்புடறேனுங்க. மைய மட்டும் இந்த ரூமுக்குள்ள கொண்டாராதீங்க."

"ஆரு கொண்டாந்தா? கன்னத்துல ஆகாதுன்னாப் போகுது. உள்ளங்கால்ல வெக்கறதில்லையா? அத ஆரு போட்டோப் புடிக்கப்போறா? உன்ற பெயிண்டுலயே வெச்சுடு."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். வைக்கிற வரைக்கும் நகரப்போவதில்லை என்று புவனாவுக்குத் தெரிந்தது. கருப்பையும் பழுப்பையும் கலந்து, மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து, இரண்டு இடது கால்களின் உள்ளங்காலிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். ராசாத்தாள் பார்த்து, "இன்னுஞ் சித்த பெருசா" என்றாள். வைத்தாள். கால்கள் ஓவனுக்குள் போயின.

கடையைப் பூட்டிவிட்டு வந்த சுரேந்தர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினான்.

"என்ன அம்மணி, இன்னைக்கும் தலையா?"

"காலுடா" என்றாள் ராசாத்தாள், மருமகளை முந்திக்கொண்டு.